எதிர்ப்பெட்டிக்கு மூணு பேர்

என் மகளிடம் பல வருடம் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். கொலைக்குற்றம் ஒன்றும் இல்லை. "அப்பா உன்னய எப்படிம்மா பொண்ணு பாக்க வந்தாக?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், வீட்டுக்கு வந்தார்கள், பட்டுச்சேலை கட்டி காபித் தட்டோடு போய் நின்றேன், ஜாதகம் பொருந்தியது, முடிந்தது என்பேன். வீட்டுக்காரரையும் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தேன். அவரும் திறக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நடந்தது வேறு. ராட்டினத்தில் நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால், என் உடம்பைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் நல்ல பருமன். கல்யாணத் தரகர்கள் பாஷையில் "பூசுனாப்புல". சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு வாழைத்தோட்டமும் கொஞ்சம் நெல்வயலும் இருந்தன. சாப்பாட்டுக்கு எந்தக் குறையும் வைக்காத வீடு. தொண்ணூற்று ஆறில் எனக்கு இருபத்திரண்டு வயது. அதற்குள் இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் வீட்டார் எங்கள் வீட்டு பஜ்ஜியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "பையன் ஒல்லி, ஜோடி சேராதுன்னு பாக்குறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் வீட்டார் அதைக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. அந்த மாதம் முழுக்க அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான்தான் ஏதோ தப்புச் செய்ததுபோல.

முறையாக வீட்டுக்கு வந்து பார்த்து வேண்டாம் என்று போய்விட்டால் ஊர் முழுக்கத் தெரியும், பெண்ணுக்குத்தான் கேவலம். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். திருவிழாவுக்கு இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் போவார்கள். வளையல் கடை பக்கத்திலோ பொரி கடை பக்கத்திலோ "அடடே, நீங்களும் வந்திருக்கீகளா?" என்று ஆச்சரியப்படுவார்கள். அப்போது பெண்ணைப் பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் மறுவாரம் தாம்பூலத்தோடு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் மானம் மிச்சம்.

அப்படி ஒரு ஏற்பாட்டில்தான் அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோம். மாப்பிள்ளை கம்பத்துப் பக்கம், திராட்சைத் தோட்டக்காரர் என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். முகம் தெரியாது, போட்டோவும் காட்டவில்லை. மூன்றாவது இடம் இது. இதுவும் கை நழுவினால் அப்புறம் இரண்டாந்தாரமாகத்தான் கேட்டு வருவார்கள் என்று அத்தை என் காதில் விழும்படியே சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த வயதில் வேறு எதற்கும் நான் பயந்ததில்லை.

என் அம்மா லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு திட்டம் போட்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏத்தா, அவுக வர்றதுக்குள்ள நீ நேராப் போயி ராட்டினத்துல ஏறிக்க. தனியா ஏறு, கூட ஆரையும் ஏத்தாத, மூஞ்சிய மறைக்கும். பொட்டிக்குள்ள ஒக்காந்துட்டா கழுத்துக்கு மேலதான தெரியும்? ஒம் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்? சிரிச்சாப்புல வச்சுக்க. வாயத் தொறக்காத. அது போதும்."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு, அடடா, எவ்வளவு மூளை என்று நான் வியந்துபோனேன். கருநீலத்தில் நெடுக்குக் கோடு போட்ட சேலை ஒன்றையும் இதற்காகவே எடுத்துத் தந்திருந்தார்.

ஆற்றங்கரைப் பக்கம் ராட்டினங்கள் வரிசையாக நின்றன. நடுவில் பெரியது ஒன்று, டீசல் எஞ்சினில் ஓடுவது, சுற்றிலும் குழல் விளக்கு. அதில் ஏறக் கூட்டம் நெருக்கியது. ஓரமாக ஒன்று சின்னதாக, எட்டே பெட்டி, கையால் சுற்றுவது. இரும்புச் சட்டத்தில் இரண்டு ஆட்கள் ஏறித் தொங்கி, தங்கள் பாரத்தில் அதைக் கிளப்பிவிட்டுக் குதிப்பார்கள். அம்மா அதைத்தான் காட்டினார். "பெரிசுல ஏறுனா மூஞ்சியே தெரியாது. எட்டாத ஒசரம்."

ஏறினேன். பெட்டிக்குக் கதவு என்று ஒரு கம்பி, அதற்கு ஒரு கொக்கி. பூட்டு, வார், பெல்ட் எதுவும் கிடையாது. மசகு பட்டு முந்தானை கறுத்தது. நான் முகத்தை அம்மா சொன்னபடி சிரித்தாற்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே அம்மா, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார். வந்துவிட்டார்கள்போல. அம்மா முகம் மலர்ந்தது. நான் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

அம்மாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. கையால் சுற்றும் ராட்டினத்தில் யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் உட்கார முடியாது. ஒரு பெட்டியில் பாரம் கூடினால் அதற்கு நேர் எதிர்ப்பெட்டியில் அதே பாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கனத்த பக்கம் கீழேயே போய் நிற்கும், ஆள் தள்ளினாலும் நகராது. அதனால் ராட்டினக்காரர் ஒவ்வொருவரையும் கண்ணாலேயே எடை போட்டு, இவர் இங்கே, அவர் அங்கே என்று கூவிக் கூவித்தான் ஏற்றுவார். அதுதான் அவருடைய தொழில். சுற்றிவிடுவதெல்லாம் அப்புறம்.

ராட்டினக்காரர் நான் உட்கார்ந்திருந்த பெட்டியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, பதினெட்டுப் பட்டிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"இந்தப் பாப்பாவுக்கு எதுத்த பொட்டிக்கு மூணு பேரு வேணும்! ஒல்லியா இருந்தா நாலு பேரு வாங்கப்பா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மா முகத்தில் ஈ ஆடவில்லை. எனக்குச் சிரித்தாற்போல வைத்த முகம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா சொன்னது, மாப்பிள்ளை வீடு, மூன்றாவது இடம் எல்லாம் மறந்துபோய் எழுந்து நின்றுவிட்டேன். பெட்டி ஆடுகிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கத்துகிறேன்.

"யோவ்! ஒன் ராட்டினத்துல தெம்பு இல்லேன்னு சொல்லு! ஆளப் பாத்து மூணு, நாலுன்னு ஏலம் போடுறியா? ரெண்டு பேரு போதும்யா!"

ரெண்டு பேர் போதும். இன்றைக்கும் சொல்கிறேன், ரெண்டு பேர் போதும்.

ராட்டினக்காரர் அசரவில்லை. "ஒக்காரு பாப்பா, ஒன்னய வையல. பாரம் பாத்தாத்தேன் வண்டி சுத்தும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூன்று பேர் கேட்டார். கூட்டத்திலிருந்து மூன்று ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர் கொஞ்சம் வயசாளிகள். நடுவில் ஒருத்தர் ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்டு, யாரோ பிடித்துத் தள்ளிவிட்டதுபோல வந்தார். எதிர்ப்பெட்டியில் உட்கார்ந்தார்கள். ராட்டினம் சுற்றியது.

நான் மேலே போகும்போது அவர்கள் கீழே. அவர்கள் மேலே போகும்போது நான் கீழே. பாதி உயரத்தில் மட்டும் நேருக்கு நேர் வருவோம். அந்த ஒல்லி ஆள் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார். அடுத்த சுற்றில் ஒரு கண்ணைத் திறந்தார். நான் அப்போதும் கீழே நின்ற ராட்டினக்காரரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கடுத்த சுற்றில் இரண்டு கண்ணையும் திறந்து என்னையே பார்த்தார். "என்னய்யா பாக்குற?" என்று அவரையும் ஒரு அதட்டு அதட்டினேன்.

அவர்தான் மாப்பிள்ளை. அம்மா அதைச் சொன்னபோது நான் பொரி கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். ஊருக்கு வரும் வரை பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் சம்மதம் என்று ஆள் வந்தது. ஆவணியில் கல்யாணம். ஒரு வருடம் கழித்து, ஏன் சரி என்று சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "நான் பயந்து செத்துக்கிட்டு இருந்தேன் புள்ள. எதுக்க ஒரு ஆளு கொஞ்சங்கூடப் பயமில்லாம சண்ட போட்டுக்கிட்டுச் சுத்துது. அதப் பாத்துக்கிட்டேதான் நான் எறங்கி வந்தேன்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கூட்டத்தின் சிரிப்பு என் காதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் காபித் தட்டுக் கதை.

கல்யாணத்துக்கு மறுவருடம் மகள் பிறந்தாள். என் உடம்பு அப்படியே அவளுக்கு. என் முகமும்தான், ஆனால் அதை யார் சொல்கிறார்கள்? எட்டு வயதிலேயே பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர். நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு நெடுக்குக் கோடு போட்ட துணியாகத் தேடித் தேடி எடுத்தேன். "ஒரு தோச போதும்த்தா" என்று தட்டை நகர்த்தினேன். குடும்பப் போட்டோ எடுக்கும்போது, "நீ அப்பாவுக்குப் பின்னால நில்லு" என்றேன். என் அம்மா எனக்குச் செய்த அத்தனையையும் ஒன்று விடாமல் நானும் செய்தேன். செய்யும்போது அது பாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கோடை விடுமுறைக்கு ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கம்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பி வேனில் பல மணி நேரம் போக வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடப்படித்த பிள்ளைகள் போய்விட்டு வந்து ஓயாமல் பேசியிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? தரையில் ஒரு காகிதம் கிடையாது. பெண்களுக்குக் கழிப்பறை சுத்தமாக இருந்தது. வீரபாண்டியில் அதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் இடித்துக்கொண்டு போகிற ஆண்கள் இல்லை. வரிசைக்குக் கம்பி, மேலே நிழல், பக்கத்தில் குடிதண்ணீர். எந்த ராட்டினத்திலும் முந்தானையில் மசகு படாது. எல்லாவற்றுக்கும் பலகையில் விதி எழுதிப் போட்டிருந்தார்கள். பழசெல்லாம் தங்கம், புதுசெல்லாம் தகரம் என்று பேசுகிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கொக்கி கழன்ற பெட்டியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு விநோதமாகப் பட்டது. அங்கே பெட்டிகள் பாதி காலியாகவும் சுற்றின, நிறைந்தும் சுற்றின. ஒரு ஆள் இருந்தாலும் ஒன்றுதான், நாற்பது பேர் இருந்தாலும் ஒன்றுதான். யாரும் யாரையும் பார்த்து நீ இங்கே வா, நீ அங்கே போ என்று சொல்லவில்லை. மெஷினுக்கு நம்மால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. அப்போது அதைச் சௌகரியம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மகள் கேட்டது, நாற்காலிகளை அப்படியே உயரத் தூக்கித் தலைகீழாகச் சுற்றும் ஒன்று. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று ஏறினோம். அவர், நான், கடைசியில் மகள். மேலேயிருந்து ஒரு கம்பி இறங்கித் தோளையும் வயிற்றையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். எனக்குப் பூட்டியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை வந்து நான் நன்றாக இளைத்திருந்தேன். அவருக்குப் பூட்டியது. கண்ணை அப்போதே மூடிவிட்டார். மகளுக்குப் பூட்டவில்லை.

சீருடை போட்ட ஒரு பெண், இருபது வயது இருக்கும், வந்து கம்பியை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். மகள் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை எக்கிப் பிடித்தாள். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூன்றாம் தடவையும் பூட்டு விழும் சத்தம் வரவில்லை.

"சாரி பாப்பா, லாக் ஆகல. இறங்கிடுங்க. அந்த வழியாப் போயிடுங்க."

அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். சத்தம் போடவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. அவள் செய்தது சரி. பூட்டாமல் விட்டிருந்தால் நானே அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அதனால்தான் எனக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. நாற்காலிகளில் பூட்டி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, என் மகள் இறங்கி, அம்புக்குறி போட்ட வழியாகத் தனியாக நடந்தாள்.

"என்னையும் இறக்கி விடும்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் கிளம்பிவிட்டது. "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினேன். சுற்றிலும் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிறுத்து என்றுதான் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். என் கத்தலும் அதில் ஒன்றாகப் போய்விட்டது. தலைகீழாகத் தொங்கியபோது கீழே அவள் தெரிந்தாள். கைப்பிடிக் கம்பியருகே நின்று, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நாங்கள் வருத்தப்படக் கூடாதென்று ஆட்டினாள். அதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

இறங்கி ஓடினேன். "எனக்குத் தலைவலிம்மா, அதான் எறங்கிட்டேன்" என்றாள். அன்றைக்கு மதியம் கொண்டுபோன சாப்பாட்டைத் தொடவில்லை. வரும் வழியிலும், குமட்டுகிறது என்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் "பசிக்கிறது" என்று சொல்லி நான் கேட்கவில்லை. வாய் ஓயாமல் எதையாவது கேட்டு அடுப்படியைச் சுற்றிவந்த பிள்ளை. "பசிக்கல" என்பாள். காலையில் பாதி இட்லி. மத்தியானச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கோ கொடுத்துவிடுவாள் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் மாதம் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன். பிள்ளை இளைக்கிறாளே என்று. மூன்றாம் மாதம் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். டாக்டர் சோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணுமில்லம்மா. சாப்பிடச் சொல்லுங்க. இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேக்குற மாதிரி ஆயிடும்" என்றார்.

சாப்பிடச் சொல்லுங்களாம். நான் சொல்லாத சொல்லா? கெஞ்சினேன். திட்டினேன். ஒருநாள் கை ஓங்கிவிட்டேன். அவளுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்து, ஊட்டிவிடப் போனால் வாயை இறுக்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து முதல் கொத்துத் திராட்சையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவள் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "போதும்ப்பா" என்பாள். ஒரு வருடம் இப்படிப் போனது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. ஆனாலும் அவள் எலும்பே பெரிய எலும்பு. கண்ணாடி முன்னால் நின்று இன்னும் வயிற்றை எக்கித்தான் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த சித்திரையில் அவளுக்காக வீரபாண்டி அம்மனுக்கு நேர்த்திக்கடனாக ஆயிரங்கண் பானை எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். எடுத்தேன். முடித்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் மூன்று பேரும் முல்லையாற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தேன். வாங்கி, பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டாள். "அப்பறம் சாப்பிடுறேன்."

எனக்கு அலுத்துவிட்டது. கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, ஏன் தொடங்கினேன் என்று தெரியாமல், அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். காபித் தட்டெல்லாம் பொய் என்றேன். அம்மாவின் திட்டம், நெடுக்குக் கோட்டுச் சேலை, எதிர்ப்பெட்டிக்கு மூணு பேர், கூட்டம் சிரித்தது, நான் பொரி கடைக்குப் பின்னால் அழுதது, ஒன்று விடவில்லை.

மகள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். "நெசமாவாப்பா?"

"மூணு பேருல நடுவுல நாந்தேன். ஒங்க சித்தப்பா பிடிச்சுத் தள்ளிவிட்டான்" என்றார் அவர். பதினான்கு வருடமாக அடக்கி வைத்திருந்தது. சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. "ஒங்கம்மா என்னய ஒரு அதட்டு அதட்டுனா பாரு. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, நம்ம பாடு அம்புட்டுத்தான்னு."

"எந்த ராட்டினம்?" என்று கேட்டாள் மகள்.

பெரிய ராட்டினங்கள் இப்போது நாலைந்து இருந்தன. கப்பல்போல ஆடுவது, தட்டுப்போலச் சுழல்வது எல்லாம் வந்திருந்தன. அந்த எட்டுப் பெட்டி ராட்டினம் இன்னும் ஓரத்தில் நின்றது. அதே ராட்டினம்தானா, அதுபோல இன்னொன்றா, சத்தியம் பண்ண முடியாது. கூவி ஏற்றியவர் பழைய ஆள் இல்லை. என் வயதுதான் இருக்கும் இவருக்கு.

மகள் என்னைக் கேட்காமலே போய் ஒரு பெட்டியில் ஏறினாள். பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். இந்த ஆள் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அவரால் ராட்டினத்தைச் சுற்றவே முடியாது. கதையாகக் கேட்பது வேறு, காதில் விழுவது வேறு. அவளைக் கீழே இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டேன்.

ராட்டினக்காரர் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பாவுக்கு எதுத்த பொட்டிக்கு ரெண்டு பேரு வேணும்! வெரசா வாங்க, ஆளு இல்லாம ராட்டினம் நிக்குதுல்ல!"

யாரோ சிரித்தார்கள். அலுத்துத் தூங்கிக் கிடந்த என் கோபம் எழுந்து நேரே தலைக்கு ஏறியது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்து என் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா! நீயும் அப்பாவும் போய் அங்கன ஏறுங்க. ஆளு தேடுறாகள்ல?"

அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. வேலை ஒன்று கையில் கிடைத்தவளைப்போல அவசரம்தான் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவரை இழுத்துக்கொண்டு எதிர்ப்பெட்டிக்குப் போனேன். ஏறும்போதே அவர் கண்ணை மூடிவிட்டார்.

ராட்டினம் கிளம்பியது. நாங்கள் மேலே போகும்போது அவள் கீழே. அவள் மேலே போகும்போது நாங்கள் கீழே. பாதி உயரத்தில் நேருக்கு நேர் வந்தபோது, "அப்பா கண்ணத் தொற!" என்று கத்தினாள். வயிற்றை எக்கிப் பிடிக்கவில்லை. காற்றில் முடி பறக்க, கால் அகட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றில் அவள் உச்சியில் இருந்தாள், நாங்கள் தரையோடு தரையாக. மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா! பசிக்குதும்மா!"

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். அவரைப் பார்த்தேன். கண்ணை மூடியபடியே அவர் என் கையைப் பிடித்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

"யோவ், நிறுத்துய்யா! பிள்ளைக்குப் பசிக்குதாம்!"

ராட்டினக்காரர் நிறுத்தினார். அவர் ஆட்கள் சட்டத்தில் ஏறித் தொங்கி அவள் பெட்டியைக் கீழே கொண்டுவந்து பிடித்து நிறுத்தினார்கள். நாங்கள் உச்சிக்கு வந்துவிட்டோம். அவள் எழப்போனாள். "பாப்பா, எறங்காத! அங்கனயே ஒக்காரு!" என்று ராட்டினக்காரர் அதட்டினார். "நீ எறங்குனா மேல இருக்கவுக சடார்னு வந்துருவாக. ஒன் பாரத்துலதேன் அவுக நிக்கிறாக. ஆளு ஏத்திக்கிட்டுத்தேன் ஒன்னய எறக்கணும்."

அவள் சரி என்று உட்கார்ந்துகொண்டாள். பையைத் திறந்தாள். மேலேயிருந்து எனக்குப் பொட்டலத்தின் வாழையிலை பச்சையாகத் தெரிந்தது. குனிந்து ஒரு கவளம், அப்புறம் இன்னொன்று.

"என்ன பண்றா?" என்று கேட்டார் அவர், கம்பியைக் கட்டிப்பிடித்தபடி.

"கண்ணத் தொறந்து நீங்களே பாருங்க."

திறந்தார். அந்த உயரத்தில் ராட்டினம் ஆடிக்கொண்டிருக்க, கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். அப்புறம் மூடவே இல்லை.

கீழே ராட்டினக்காரர் ஏறுவதற்கு இரண்டு ஆட்களைப் பிடித்துவிட்டார். "ஆளு வந்தாச்சு, எறக்கிறவா?" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"அவசரமில்லய்யா" என்று நான் கத்தினேன். "பிள்ள சாப்பிட்டு முடிக்கட்டும்."